வாழைக்கன்றோடு வீட்டுக்கு வரும் வாடல் நோய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் வீட்டுத் தோட்டப் பகுதியில், வாழையின் அடி இலைகள் மஞ்சளானால் தூரைச் சுற்றி யூரியா போட்டுத் தண்ணீர் விடும்படி ஒரு குறிப்பு வந்திருந்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் பினாங்குத் தீவிலோ செபராங் பிறையிலோ ஒரு வாழை கீழிருந்து மஞ்சளாகத் தொடங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சத்துக் குறைவை அல்ல, வாடல் நோயை. வாடல் பிடித்த வாழைக்கு யூரியா போடுவது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது மாதிரி. யூரியாவிலிருந்து வரும் அம்மோனிய வகைத் தழைச்சத்து அந்தப் பூஞ்சைக்குச் சாதகமானது. கூடவே விடுகிற தண்ணீர், பூஞ்சையை அடுத்த தூருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதைப் பனாமா வாடல் என்றும் சொல்வார்கள். பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற மண் பூஞ்சையின் வாழைக்கென்றே அமைந்த வகை இது. மயிர்வேர்கள் வழியாக உள்ளே நுழைந்து, கிழங்கைக் கடந்து, தண்டில் நீர் ஏறும் குழாய்களுக்குள் பரவும். மரம் சும்மா இருப்பதில்லை. பூஞ்சை மேலே ஏறாமல் தடுக்கத் தன் குழாய்களைத் தானே பிசின் போன்ற பொருளால் அடைத்துக்கொள்கிறது. அடைப்பு கூடக்கூட இலைக்குத் தண்ணீர் போவது நிற்கிறது. அதனால்தான் நல்ல மழைக்காலத்தில், கால் புதையும் ஈரத்தில் நின்றுகொண்டே வாழை வாடுகிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

மரம் செத்த பிறகும் பூஞ்சை சாவதில்லை. தடித்த சுவருள்ள வித்துகளாக மாறி மண்ணில் உறங்கும். இருபது ஆண்டு கழித்து அதே இடத்தில் வாழை நட்டாலும் விழித்துக்கொள்ளும். ஸ்பெயினின் அண்டலூசியாவில் ஒலிவ மரங்களைக் கொல்லும் வெர்டிசிலியம் வாடலுக்கும் இதே குணம் உண்டு. முன்பு பருத்தி விளைந்த நிலத்தில் ஒலிவம் நட்டவர்கள், பருத்தி விட்டுப்போன பூஞ்சைக்கு மரங்களைப் பறிகொடுத்தார்கள். மண்வழி வாடல் எந்தப் பயிருக்கு வந்தாலும் கணக்கு ஒன்றுதான்: நிலத்துக்குள் வந்துவிட்டால் வெளியேற்ற வழி கிடையாது. வராமல் தடுப்பதும், வந்த இடத்திலேயே அடைத்து வைப்பதும் மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இந்த நோயை முதன்முதலில் பதிவு செய்தது ஆஸ்திரேலியாவில், 1870-களில். அடுத்த நூற்றாண்டில் மத்திய அமெரிக்காவின் குரோஸ் மிஷெல் ரக வாழைத் தோட்டங்களை அழித்தது. 1960 வாக்கில் உலக வாழை வணிகமே கேவண்டிஷ் ரகத்துக்கு மாறியது. அந்தக் கேவண்டிஷையும் சாய்க்கும் இனம் தைவானில் தலைகாட்டியது. வெப்பமண்டல இனம் 4 என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். 1990-களின் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவிலும் சுமத்ராவிலும் பெரிய அளவில் தொடங்கிய கேவண்டிஷ் தோட்டங்கள் சில ஆண்டுகளில் அதனால் மடிந்தன. கொலம்பியாவில் 2019-இல் இது உறுதியானபோது அந்த நாடு தேசிய அவசரநிலை அறிவித்தது. நம் நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் நோய் இது. பழகிப்போனதால் பயம் விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான்.

அடையாளம் காண்பது கடினமல்ல, மரம் நிற்கும்போதே பார்க்கலாம். அடி இலைகளின் விளிம்பில் தொடங்கும் மஞ்சள் நடு நரம்பை நோக்கி நகரும். பிறகு இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மடங்கி ஒடியும். காய்ந்த இலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோலத் தொங்கும். நடுவில் குருத்தும் ஓரிரு இளம் இலைகளும் மட்டும் பச்சையாக நிமிர்ந்து நிற்கும். தண்டின் அடியில் வெளிப்பட்டைகள் நீளவாக்கில் வெடித்திருக்கும்.

உறுதிப்படுத்திக்கொள்ளத் தண்டைத் திறந்து பார்க்க வேண்டும். மரத்தை வெட்டிச் சாய்க்க வேண்டாம். முழங்கால் உயரத்தில், கூரிய சிறு கத்தியால், தீப்பெட்டி அளவில் ஒரு சதுரம் கீறி, பட்டை பட்டையாக உரித்தெடுங்கள். நலமான வாழையில் பட்டையின் உட்புறம் பாலேடு நிறத்தில் சுத்தமாக இருக்கும். நோய் கண்ட வாழையில், செங்காவி நீரில் நனைத்த நூல்களை நீளவாக்கில் பதித்ததுபோலக் கோடுகள் ஓடும். வெளிப்பட்டையில் கருஞ்சிவப்பாக இருப்பது உள்ளே போகப்போக மங்கி மஞ்சளாகும். தரையோடு ஒட்டிய பகுதியில் கீறிப் பார்ப்பது சரிவராது, அங்கே வேறு அழுகல்களும் சேர்ந்து குழப்பும். பார்த்து முடித்ததும் அந்தத் துண்டைக் கீழே போடாமல் பையில் போடுங்கள். கத்தியைக் கழுவாமல் இன்னொரு மரத்தில் வைக்காதீர்கள்.

இரண்டு விஷயங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. ஒன்று சாம்பல்சத்துக் குறைவு. அதிலும் முதிர்ந்த இலைதான் மஞ்சளாகும், ஆனால் நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, நுனி உள்நோக்கிச் சுருண்டு காயும். தண்டைக் கீறினால் கோடு இருக்காது. மற்றொன்று பாக்டீரியாவால் வரும் இரத்த நோய். அதுவும் நம் நாட்டில் இருக்கிறது. அதில் காய்க்குள் சதை செம்பழுப்பாக அழுகியிருக்கும். வாடலில் காய் சிறுக்கலாம், முன்கூட்டியே பழுக்கலாம், ஆனால் உள்ளே கெடாது. வித்தியாசம் தெரிய ஒரு எளிய சோதனை உண்டு. நிறம் மாறிய தண்டுத் துண்டு ஒன்றைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் பாதி மூழ்கும்படி கட்டித் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் துண்டின் அடியிலிருந்து பால் வெள்ளை இழைகள் நூலாக இறங்கினால் பாக்டீரியா. தண்ணீர் தெளிவாகவே இருந்தால் வாடல் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ரகங்களில் ரஸ்தாளி இதற்கு மிக எளிதில் இரையாகும். மலாய்க்காரர்களும் அதே பெயரால் அழைக்கும் பழம், நம் பூஜைத்தட்டில் முதலிடம் பெறும் பழம். கம்பத்து வீடுகளில் அது அரிதாகிக்கொண்டு வருவதற்கு இந்த நோய் ஒரு முக்கியக் காரணம். பெராங்கானும் விழும். தமிழ்நாட்டில் கற்பூரவல்லி என்று சொல்லும் அவாக்கும் தப்பாது. எந்த இனம் தாக்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோய் காற்றில் பறந்து வருவதைவிட அதிகமாக நம் கையால்தான் வருகிறது. மண் ஒட்டிய செருப்பு, பாராங் கத்தி, மண்வெட்டி, லோரிச் சக்கரம், வெள்ளம் எல்லாம் கொண்டுவரும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கக்கன்று. நமக்குள் வாழைக்கன்று விலைக்கு வாங்கும் பொருளல்ல. அத்தை வீட்டில் தார் நன்றாக வந்திருக்கிறது, ஒரு கன்று பெயர்த்துக்கொண்டு வா என்போம். கிழங்கோடும் மண்ணோடும் கோணியில் சுற்றிக் காரின் பின்னால் வைத்து நிபோங் திபாலிலிருந்து பாலிக் பூலாவுக்குக் கொண்டுபோவோம். நான்கு மாதத்துக்கு உட்பட்ட கன்று நோய் இருந்தாலும் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. பார்க்கப் பச்சைப்பசேல் என்றிருக்கும். தாய்மரமும் அறிகுறி காட்டுவதற்குப் பல வாரங்கள், சில நேரம் மாதங்கள் முன்பே நோயுற்றிருக்கும். கிழங்கைச் சீவுவதோ, சாணிக்கரைசலிலோ மருந்திலோ முக்குவதோ உள்ளே குழாய்க்குள் இருக்கும் பூஞ்சையைத் தொடாது. அன்பாகக் கொடுத்த கன்றை வேண்டாம் என்று சொல்வது சங்கடம்தான். ஆனால் அந்த ஒரு கன்று, வாங்கியவரின் மண்ணை ஒரு தலைமுறைக்கு வாழை வைக்க முடியாததாக்கிவிடும்.

அடுத்தது வாழை மரம் கட்டுவது. கல்யாண மண்டப வாசல், கோயில் திருவிழாப் பந்தல், பொங்கல், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என்று தாரோடு பூவோடு முழு மரமாகக் கட்டுகிறோம். நெடுநேரம் வாடாமல் நிற்கட்டும் என்று கிழங்கோடு தோண்டி எடுத்து வருகிறார்கள். விழா முடிந்ததும் அந்த மரங்கள் எங்கே போகின்றன என்று கவனியுங்கள். கோயில் பின்புறம், ஆற்றங்கரை, பக்கத்துக் காலிநிலம், பெரும்பாலும் ஒரு சாக்கடையோரம். சில இடங்களில் வீணாக்க வேண்டாமென்று கிழங்கை நந்தவனத்திலேயே நட்டுவிடுகிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எத்தனை ஊர்களிலிருந்து பந்தல் அமைக்க வருகிறார்கள்! ஒவ்வொரு ஊர் மண்ணும் அந்த வேர்களில் ஒட்டி வருகிறது.

மரம் கட்டும் வழக்கத்தை விடச் சொல்லவில்லை. வாழை இல்லாத வாசல் நமக்கு வாசலே அல்ல. முறையை மட்டும் மாற்றலாம். தோண்டாமல், தரைக்கு மேல் ஓரடி விட்டு அறுத்து எடுக்கட்டும். அடியில் ஈரச் சாக்கு சுற்றித் தண்ணீர் வாளியில் நிறுத்தினால் இரண்டு நாள் தாங்கும். அறுத்த இடத்தில் செங்கோடு தெரிந்தால் அந்தத் தூரிலிருந்து ஒரு மரமும் எடுக்கக் கூடாது, அங்கேயே விட்டுவிட வேண்டும். விழா முடிந்ததும் துண்டாக்கித் தடித்த குப்பைப் பைகளில் கட்டி நகர மன்றத்தின் குப்பை லோரிக்குக் கொடுக்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள் மரம் தருவோரிடம் முன்கூட்டியே இந்த நிபந்தனைகளைச் சொன்னால் போதும், கூடுதல் செலவு எதுவும் இல்லை.

வீட்டிலோ தோட்டத்திலோ நோய் கண்டுவிட்டால் என்ன செய்வது? முதலில் கை துறுதுறுக்கும், மண்வெட்டியை எடுத்துத் தோண்டி எறியத் தோன்றும். செய்யாதீர்கள். தோண்டினால் வித்துகள் நிறைந்த மண் நாலாபுறமும் சிதறும். தூரைச் சுற்றி ஐந்து மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, ஆள், கோழி, ஆடு எதையும் உள்ளே விடாதீர்கள். எரிப்பதும் ஆகாது. பச்சை வாழைத்தண்டில் பெரும்பகுதி தண்ணீர், கருகுமே தவிர வேகாது. திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும்கூட.

சரியான வழி, நின்ற இடத்திலேயே கொல்வது. தண்டில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கீழ்நோக்கிச் சாய்வாகத் துளையிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் கிளைபோசேட் களைக்கொல்லியைச் செலுத்த வேண்டும். அளவு லேபிளில் உள்ளபடியோ விவசாய இலாகா அதிகாரி சொல்வதுபோலவோ இருக்கட்டும், மரத்தின் பருமனுக்கு ஏற்ப மாறும். தாய்மரத்தோடு நிறுத்தாமல் அந்தத் தூரின் ஒவ்வொரு கன்றுக்கும் செலுத்த வேண்டும். ஒரு கன்றை விட்டால் பூஞ்சைக்கு உயிருள்ள வேர் கிடைத்துவிடும். பழைய கொட்டகையில் பாராக்குவாட் களைக்கொல்லி கிடந்தால் எடுக்காதீர்கள். 2020 ஜனவரி முதல் அது தடை. தவிர, அது பட்ட இடத்தைத்தான் கருக்கும், கிழங்குக்கு இறங்காது. நான்கு முதல் ஆறு வாரத்தில் மரம் தானே மடிந்து விழும். அப்போது வெட்டி இழுக்காமல், கயிற்றுக்குள்ளேயே மடித்துப் போட்டு, தடித்த கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடி, ஓரங்களைச் செங்கல்லால் அழுத்தி விடுங்கள். இப்படிச் செய்தால் மழைநீர் அதன் மேல் விழுந்து மண்ணை அடித்துச் செல்லாது. உரக்குழியில் போடுவது, கூட்டுக்குத் தண்டு எடுப்பது, ஆட்டுக்கு நறுக்கிப் போடுவது எதுவும் கூடாது. தார் முற்றியிருந்தால் மருந்து செலுத்தும் முன்பே பழத்தை எடுத்துச் சாப்பிடலாம், மனிதருக்கு இந்தப் பூஞ்சையால் கெடுதல் இல்லை.

கருவிகளைச் சுத்தம் செய்வதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பெரும்பாலோர் குளோரக்ஸ் என்ற குளோரின் வெளுப்புத் திரவத்தை நம்புகிறார்கள். மண் ஒட்டியிருக்கும் இடத்தில் குளோரின் மண்ணிலேயே செலவாகிவிடும், வித்துக்குப் போய்ச் சேராது. கத்தியும் துருப்பிடிக்கும். முதலில் கயிற்றுக்கு உள்ளேயே நின்று மண்ணைத் தூரிகையால் முழுக்க உதறிவிட்டு, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு கோழிப்பண்ணைகளுக்கு விற்கும் குவாட்டர்னரி அம்மோனியக் கிருமிநாசினியை லிட்டருக்கு 10 மில்லி கலந்து, கருவியையும் பூட்ஸின் அடிப்பாகத்தையும் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். கரைசல் கலங்கிவிட்டால் அதற்குச் சக்தி போய்விட்டது, மாற்றுங்கள்.

தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, 60 மில்லிகிராம் கார்பெண்டாசிம் பூஞ்சைக்கொல்லி நிரப்பிய மாத்திரைக் கூட்டைக் கிழங்கில் துளையிட்டு வைத்தால் தீருமா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே ரஸ்தாளியில் வரும், இனம் 1 என்ற இதே பூஞ்சையின் வேறொரு இனத்துக்காகப் பரிந்துரைத்த முறை அது. இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் வைப்பார்கள், நோய் முற்றுவதைத் தள்ளிப்போடும். வெப்பமண்டல இனம் 4 இருக்கும் மண்ணில் அதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். அதைவிட ஆபத்து, ஒரே துளைக்கருவியைத் தோட்டம் முழுக்கக் குத்திக்கொண்டே போவது. நோயை நாமே ஊசி போட்டுப் பரப்புவதற்குச் சமம்.

புதிதாக வாழை வைக்க விரும்புகிறவர்களுக்குத் திசு வளர்ப்புக் கன்றுதான் வழி. அது ஆய்வுக்கூடத்திலிருந்து பூஞ்சையில்லாமல் வருகிறது. ஆனால் நாற்றங்காலில் கெடலாம். வாங்கும்போது பையைத் தூக்கிப் பாருங்கள். அடித்துளை வழியாக வேர் வெளியே வந்து தரை மண்ணில் இறங்கியிருந்தால் வேண்டாம். மேசையில் வைத்து, தேங்காய் நார்த்தூளிலோ கரிமண்ணிலோ வளர்த்ததாக இருக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திசு வளர்ப்புக் கன்று நட்ட முதல் சில மாதங்கள் சாதாரணக் கன்றைவிட இந்த நோய்க்கு எளிதில் ஆட்படும். நோய் இருந்த நிலத்தில் அதை நட்டுவிட்டு, விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் மண் இயல்பிலேயே புளிப்பு. புளித்த மண் பியூசேரியத்துக்குத் தோது. மண்ணின் பி.ஹெச். அளவைச் சோதித்து, 6 முதல் 6.5 வரை கொண்டுவரப் பாருங்கள். உரக்கடையில் ஜி.எம்.எல். என்று கேட்டால் கிடைக்கும் மக்னீசியச் சுண்ணாம்புப் பொடியை, நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே குழிக்கு அரைக் கிலோ மண்ணோடு கலந்து வைக்கலாம். மேடு ஓரடி உயரம் இருக்கட்டும், தண்ணீர் தேங்கிய வேர் எளிதில் பூஞ்சைக்கு வழிவிடும். பச்சைக் கோழி எரு போடாதீர்கள், நன்றாக மக்கிய தொழுவுரம் போடுங்கள். தூரைச் சுற்றிக் கொத்திவிடும் பழக்கத்தை நிறுத்துங்கள், வெட்டுப்பட்ட ஒவ்வொரு வேரும் ஒரு வாசல். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை நடும்போதே போட்டால் ஓரளவு துணை செய்யும், வாடிய பிறகு போட்டால் காசுக்குக் கேடு.

வெயிலில் பிளாஸ்டிக் போர்த்தி மண்ணைச் சூடாக்கும் முறை ஸ்பெயினின் ஒலிவத் தோட்டங்களில் கைகொடுக்கிறது. இங்கே ஜனவரி, பிப்ரவரி வெயிலில்கூட மேல்மண்தான் சூடேறும், ஆழத்தில் இருக்கும் வித்துகள் தப்பிவிடும். நோய் கண்ட இடத்தில் வாழையை மறந்துவிட்டு வேறு பயிருக்கு மாறுவதே மேல். முருங்கை, கறிவேப்பிலை, மரவள்ளி தாராளமாக வரும். அன்னாசி இன்னும் நல்லது. சீனாவின் ஹைனான் தீவில் வாழைக்கு அடுத்து அன்னாசியைச் சுழற்சிப் பயிராகப் போட்டதில் மண்ணில் பியூசேரியம் குறைந்திருக்கிறது. ஆனால் குறைந்ததே தவிர, ஒழியவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2024-இல் ஒப்புதல் பெற்ற மரபணு மாற்றிய கேவண்டிஷ் ஒன்று இந்த இனம் 4-ஐத் தாங்குகிறது. அதில் சேர்த்திருக்கும் மரபணு, மலாயாக் காடுகளுக்குச் சொந்தமான மலாக்சென்சிஸ் என்ற காட்டுவாழையிலிருந்து எடுத்தது. விதை நிறைந்து, தின்ன உதவாது என்று நாம் வெட்டி எறியும் அந்தக் காட்டுவாழையைக் கண்டால் விட்டுவையுங்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் மாவட்ட விவசாய இலாகா அலுவலகத்துக்கு முதலில் போன் செய்யுங்கள். துண்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் போக வேண்டாம். எடுத்துவரச் சொன்னால், செங்கோடு தெளிவாகத் தெரியும் பட்டையை உள்ளங்கை அளவில் நறுக்கி, செய்தித்தாளில் சுற்றி, காகித உறையில் போட்டு, ரகம், நட்ட மாதம், கன்று எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் எழுதி அன்றே கொடுங்கள். நேராகப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும், ஆய்வுக்கூடத்தில் வேறு கிருமிகள்தான் வளரும்.

தைப்பூசத்துக்குப் பந்தல் வேலை தொடங்கும் முன்பே, மரம் அறுக்கும் முறை பற்றிய பகுதியையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். யூரியா பற்றிய குறிப்புக்கும் ஒரு திருத்தம் வேண்டும். அதைப் படித்து இந்நேரம் யாராவது போட்டிருந்தால், தண்டை ஒருமுறை கீறிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பயிர் நோய்த் துறையைச் சேர்ந்த வாசகர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு.